47-ஆம் விரல்

ஜனவரி 9
துளையிட்ட அட்டையைப் படித்துத் தானே வாசிக்கும் இந்தப் பழைய நடனக்கூட ஆர்கனைப் பழுதுபார்க்கிறேன். முகப்பைப் பார்த்து ஆர்கனின் வயதைச் சொல்லக் கூடாது. மஞ்சளும் வெள்ளியுமாகக் கோணம் கோணமாய் நிற்கும் இந்த முகப்பு 1930-களின் மோஸ்தர். பின்னால் இருக்கும் பெட்டி அதைவிட மூத்தது. பெல்ஜியத்து நடனக்கூடங்களில் ஊர் ரசனை மாறும்போது பெட்டியை வைத்துக்கொண்டு முகப்பை மட்டும் மாற்றிவிடுவார்கள். சட்டத்தின் முன்விளிம்பில் டார்ச்சைப் படுக்க வைத்து அடித்தால் பழைய திருகுத் துளைகள் மேடு பள்ளமாகத் தெரிகின்றன. பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் பூசியிருக்கிறார்கள். இதுவரை எண்ணியது 34. இப்போதைய முகப்பின் திருகுகளோடு பொருந்துபவை 6 மட்டும்.

துளைகளை டிரேசிங் தாளில் ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுக்க வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டும் வேலை அதற்கு அப்புறம்தான்.

ஜனவரி 10
இந்த ஆர்கனை அந்தக் காலத்தில் கேட்ட பெரியவர் இன்றும் பேசவில்லை.

ஜனவரி 13
அட்டையின் ஓட்டைகளைத் தடவிப் படிக்கும் விரல்கள் வரிசையாக நிற்கும் சட்டத்தைக் கழற்றியாயிற்று. 101 விரல். 84, 92, 101 என்று ஆன்ட்வெர்ப்பில் மோர்ட்டியர் கட்டிய வரிசையோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் விரல் எண்ணிக்கையை மட்டும் வைத்து யார் கட்டியது என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும்; ஒருவர் பெட்டியை இன்னொருவர் வாங்கிப் பிரித்துக் கட்டிய கதைகள் ஆன்ட்வெர்ப்பில் நிறைய. சட்டத்தின் இடது கோடியில் எண் அடித்திருக்கிறது. 1, 0 இரண்டும் தெளிவு. அடுத்த இரண்டு இலக்கம் இருந்த மரத்தை உளு தின்றுவிட்டது.

ஒவ்வொரு விரலாகத் தூக்கி, அதன் குழாய் எங்கே போகிறது என்று ஊதிப் பார்த்தேன். அட்டையில் ஓட்டை வரும் இடத்தில் விரல் மேலே எழும். குட்டி வால்வு ஒன்று திறக்கும். காற்று குழாய் வழியே ஓடி ஒரு சிறு துருத்தியை உப்பவைக்கும். அது குழலின் அடிக்கதவைத் தள்ளும். 100 விரல்களுக்குப் பாதை கிடைத்துவிட்டது. 47 எங்கேயும் போகவில்லை.

ஜனவரி 14
47-க்கு முன்னால் 46-ம் பின்னால் 48-ம் துணைச்சுரங்கள். நடுவில் இருப்பதும் ஒரு சுரமாகத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு குழல் காணாமல் போயிருக்கிறது.

ஜனவரி 21
துருத்திகளின் தோல் தொட்டால் செந்தூளாக உதிர்கிறது. ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் புதுத்தோல். இங்கே அவசரம் காட்டினால் பிறகு ஒவ்வொன்றுக்கும் பெட்டியைத் திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டியிருக்கும். அதனால் முறையை முழுசாக எழுதிவைக்கிறேன்.

வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சும் பசை) எடைக்கு ஒரு பங்கு, குளிர்ந்த தண்ணீர் இரண்டு பங்கு. இரவு ஊறட்டும். காலையில் வெந்நீர்த் தொட்டிக்குள் பாத்திரத்தை வைத்து 60 டிகிரி. 70-ஐத் தாண்டினால் பிடிப்பு போய்விடும். கொதித்தால் கொட்டிவிட வேண்டியதுதான். நேற்றைய மிச்சத்தை இன்று சூடாக்குவது கூடாது. பழைய தோலை எடுக்க ஈரத்துணியும் கொஞ்சம் ஆவியும் போதும், வஜ்ஜிரம் தானே விட்டுக்கொடுக்கும். நூறு வருடம் கழித்து அடுத்தவர் பிரிக்க வசதியாக இருப்பதுதான் அதன் பெருமை. யாரோ நடுவில் 23 துருத்திகளைத் தச்சர் வெள்ளைப் பசையால் ஒட்டியிருக்கிறார். அது விடவில்லை. எடுத்தால் மரம் சிலும்பாகக் கூடவே வருகிறது. அந்த 23-க்கும் புதுப் பலகை சீவ வேண்டும்.

செம்மறிக்குட்டித் தோல், 0.3 முதல் 0.4 மி.மீ. முதுகுப் பக்கத்திலிருந்து வெட்டு. வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும். இழுபட்டால் துருத்தி கோணிக்கொண்டு எழும். ஒட்டி ஒரு நாள் விட்டு, அமுக்கி, வாயை விரலால் அடைத்துப் பத்து எண்ண வேண்டும். பத்துக்குள் திறந்தால் ஒழுகுகிறது.

பலகையின் உட்பக்கம் பென்சிலில் எண்கள். கட்டியவர் கை. உப்புத்தாள் அங்கே போகவே கூடாது.

ஜனவரி 22
47-இன் துருத்தி கிடைத்தது, வரிசையில் இல்லாமல் பெட்டியின் அடியில் தனியாக. மற்றவற்றின் தோலில் மடிப்பு விழுந்த கோடு கறுத்து வெடித்திருக்கிறது. இதில் மடிப்புக்கோடே சரியாக விழவில்லை. கொஞ்ச காலம்தான் வேலை செய்திருக்கிறது. இதற்கு வரும் குழாயின் வாயில் வஜ்ஜிரத்தில் தோய்த்த ஒரு மரமுளை அடித்திருக்கிறது. வேண்டுமென்றே அடைத்திருக்கிறார்கள்.

முளையை எடுக்கவில்லை. என்னவென்று தெரிந்த பிறகு எடுக்கலாம்.

ஜனவரி 24
பெரியவர் இரண்டு வார்த்தை சொன்னாராம். "மூன்று கண்ணாடி." அவர் மகள் எழுதியிருக்கிறார். கேட்ட கேள்வி ஆர்கனைப் பற்றியதே இல்லையாம்.

ஜனவரி 25
மூன்று கண்ணாடி! டிரேசிங் தாளை விரித்தேன். 34 துளைகளில் 12 துளைகள் நான்கு நான்காக மூன்று சதுரங்கள். நடுச் சதுரம் கொஞ்சம் உயரத்தில். பழைய முகப்பில் கண்ணாடிகள் இருந்தன.

பிப்ரவரி 2
ஈயக் குழாய்கள். ஓக் மரம் விடும் அசிட்டிக் ஆவி ஈயத்தைத் தின்று வெள்ளைப் பொடியாக்கிவிடும். அந்தப் பொடி விஷம். கையுறை, முகமூடி, ஈரத்துணி. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டவே கூடாது. 31 குழாய்கள் மோசம். ரப்பர் போடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரப்பர் இருபது முப்பது வருடத்தில் இறுகி வெடித்துவிடும். ஈயம் போன இடத்தில் ஈயம்தான்.

காற்றுக்கு மின்விசிறி வைக்கும் யோசனையும் வேண்டாம். கிராங்க் தண்டில் ஏறி இறங்கும் துருத்திகள் கொடுக்கும் காற்றில் ஒரு சின்ன மூச்சு இருக்கும். விசிறிக் காற்று சமமாக வந்து அந்த மூச்சைக் கொன்றுவிடுகிறது.

பிப்ரவரி 11
ஊதுகுழல் வரிசையைத் துடைத்தபோது காலில் சுர எழுத்து. சி, டி, இ… கடைசியில் 'ஹெச்'. ஃபிளெமிஷ்காரர்கள் தோ ரே மீ என்பார்கள். டச்சுக்காரர்களுக்கு நிஷாதம் 'பி'. 'ஹெச்' போடுவது ஜெர்மன் வழக்கம். இந்த வரிசை ஆன்ட்வெர்ப்பில் பிறந்ததல்ல.

வால்ட்கிர்ஷ் என்றுதான் மனம் போகிறது. ஜெர்மனியில் கருங்காட்டின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் புரூடர் குடும்பமும் ரூத் குடும்பமும் ஆர்கன் கட்டின. பாரிஸின் கவியோலி நிறுவனம் அங்கே கிளை வைத்தது. 1908-இல் அந்தக் கிளையை லிமோனேர் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1920-களில் நெதர்லாந்தின் பிரெடாவில் பட்டறை போட்டு டச்சுத் தெரு ஆர்கன்களின் குரலையே மாற்றிய கார்ல் ஃப்ரையும் கடைசியில் வால்ட்கிர்ஷுக்குத்தான் போனார். ஆர்கன் கட்டுபவர்கள் எல்லை தாண்டிக்கொண்டே இருந்தார்கள், குழல்களும் கூடவே தாண்டின. இந்த ஒரு வரிசையை வைத்து முழுப் பெட்டிக்கும் பெயர் வைக்க முடியாது. மற்ற எட்டு வரிசைகளிலும் வேறு கை.

பிப்ரவரி 12
மழை. முரசுத் தோல் தொங்கிவிட்டது. வஜ்ஜிரம் காயவில்லை.

பிப்ரவரி 20
அட்டைப் புத்தகங்கள் வந்துவிட்டன. 18. இதற்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தது.

1892-இல் கவியோலி அட்டைப் புத்தகத்துக்குக் காப்புரிமை எடுக்கும்வரை, முள் அடித்த மர உருளைதான். ஓர் உருளையில் எட்டோ பத்தோ பாட்டு. புதுப் பாட்டு வேண்டுமென்றால் புது உருளை. அட்டை வந்த பிறகு, இந்த மாதம் ஊர் முணுமுணுக்கும் பாட்டு அடுத்த மாதம் ஆர்கனில். விசிறி மடிப்பாக மடித்த அட்டைக்கு அரக்கு பூசி விறைப்பாக்குவார்கள். அந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போனது.

18-இல் 5 பூஞ்சைக்குப் போய்விட்டன. மீதியில் மடிப்புகள் கிழிந்திருக்கின்றன. லினன் பட்டை ஒட்டலாம், ஆனால் ஓட்டையின் விளிம்புக்கு 1 மி.மீ. முன்னாலேயே நிறுத்த வேண்டும். பட்டை ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால் விரல் அங்கே மாட்டி அடுத்த மடிப்புவரை கிழித்துக்கொண்டு போகும். நீண்ட சுரத்துக்கு நீண்ட பிளவு. விரல் வைத்த ஆர்கனில் நடுவே பாலம் விட முடியாது, விட்டால் சுரம் அறுந்துவிடும். அதனால் நீண்ட சுரங்கள் நெருங்கி வரும் இடத்தில்தான் அட்டை முதலில் சாகிறது.

இரவு 11 மணி. 47-ஆம் கோட்டை மட்டும் ஸ்கேல் வைத்துப் படித்தேன். பிழைத்த 13 புத்தகங்களில் 8-இல் ஓட்டை இருக்கிறது. எல்லாமே ஒரே நீளம், 8 மி.மீ. குட்டையானவை. ஒரு பாட்டில் அதிகம் போனால் மூன்று முறை.

பிப்ரவரி 21
சுரம் இல்லை. ஒரு மாதமாக, இல்லாத ஒரு குழலைத் தேடியிருக்கிறேன். பாட்டில் எந்தச் சுரமும் எப்போதும் ஒரே நீளத்தில் வராது. 47 ஒரு சுவிட்ச். ஒரு தட்டுத் தட்டினால் எதையோ திறந்து கொக்கியில் மாட்டிவிடும். பொது ரத்து விரல் எழும்போது எல்லாவற்றோடும் சேர்ந்து விழுந்துவிடும். அடுத்தடுத்து இருப்பதால் உறவு என்று நினைத்ததுதான் தப்பு. கட்டியவர்கள் இடம் கிடைத்த இடத்தில் சுவிட்சைச் சொருகுவார்கள்.

பிப்ரவரி 23
எதன் சுவிட்ச்?
47 வரும் இடமெல்லாம் மெதுவான வால்ட்ஸ் (மூன்று தாள நடனப் பாட்டு), அதிலும் பல்லவி திரும்பும் இடம். சைலஃபோன் பேசும் இடத்தில் ஒருமுறைகூட இல்லை. முரசு அடங்கியிருக்கும்.

மார்ச் 3
நடனக்கூடத்தின் பழைய அஞ்சலட்டை ஒன்று ஸ்கேன் ஆகி வந்தது. முகப்பின் தூண்களுக்கு இடையிலான தூரத்தைப் பக்கத்தில் நிற்கும் நாற்காலியோடு ஒப்பிட்டு, நம் துளைகளின் விகிதத்தோடு வைத்துப் பார்த்தேன். இதில் கண்ணாடி இரண்டுதான். வேறு ஆர்கன்.

மார்ச் 9
மகள் ஒலிப்பதிவு அனுப்பியிருக்கிறார். 41 நொடி. பெரியவர் முனகுகிறார், மூன்று தாளத்தில். செவிலியர் சொன்னாராம், பாவம், வயதானதால் குரல் நடுங்குகிறது என்று.

மார்ச் 10
பதிவை இன்றைக்கு எத்தனை முறை கேட்டிருப்பேன் தெரியாது. முதல் 22 நொடி குரல் கம்பி போல நிற்கிறது. நடுக்கமே இல்லை. பல்லவி திரும்புகிறது. அங்கிருந்து நடுங்குகிறது. கடைசி நாலு நொடி மறுபடி நேராகிவிடுகிறது.

இந்தப் பாட்டு 13-இல் ஒன்று. புத்தகத்தை எடுத்து அளந்தேன். ஒரு மீட்டர் ஓட 17 நொடி என்ற கணக்கில், அவர் நடுங்கத் தொடங்கும் இடத்தில் 47. நடுக்கம் நிற்கும் இடத்தில் பொது ரத்து.

வயது அல்ல. அவர் ஆர்கனைப் பாடிக்காட்டுகிறார். 47 நடுக்கி: காற்றுப் பாதையையே அசைத்துக் குழல்கள் எல்லாவற்றையும் ஒன்றாக விம்மவைக்கும் பெட்டி.

மார்ச் 11
பெட்டியின் தரையைத் தண்ணீர் படாமல் துடைத்தேன். பிரதான காற்றுக் குழாயின் பக்கத்தில் 30 செ.மீ.-க்கு 18 செ.மீ. செவ்வகம், மரத்தின் நிறம் அங்கே மட்டும் வெளுப்பு. நான்கு திருகுத் துளை. காற்றுக் குழாயின் மேல் ஓர் ஒட்டுப்பலகை. அதன் அடியில் ஓட்டை இருக்கிறது.

மகளுக்கு எழுதினேன். செவிலியரிடமும் சொல்லச் சொன்னேன்.

மார்ச் 18
அழுத்தம் 190 மி.மீ. நீர்க்கம்பம். எல்லா வரிசையும் திறந்து முரசும் அடித்தால் 150-க்கு விழுகிறது. சேமிப்புத் துருத்தியின் மூலைத்தோலில் ஒழுகல். சோப்பு நுரையில் தெரிந்தது.

மார்ச் 19
ஒழுகல் நின்றது. இப்போது 172-க்குத்தான் விழுகிறது.

மார்ச் 24
சுருதி சேர்க்கும் நாள். வயலின் குழல்களின் வாய்க்கு முன்னால் இருக்கும் பித்தளைத் தகடு, கவியோலிக்காரர்களின் கண்டுபிடிப்பு. அது இல்லாவிட்டால் இந்த ஒல்லிக் குழல் இந்த அழுத்தத்தில் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். தகட்டைக் கால் மி.மீ. நகர்த்தினால் குரலே வேறு. முதலில் தகடு, பிறகுதான் சுருதி.

காலையில் பட்டறை 9 டிகிரி, மதியம் 18. ஒரு டிகிரிக்குக் குழல் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும்; சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. 9 டிகிரி வித்தியாசத்துக்கு 27 சென்ட், அரைச்சுரத்தில் கால் பங்குக்கும் மேல். நாக்கு வைத்த குழல்கள் அவ்வளவு நகராது. காலையில் சேர்த்ததெல்லாம் மதியம் சண்டை போடும். ஆகவே 18 டிகிரி வந்த பிறகுதான் தொட வேண்டும்.

மார்ச் 29
நடுக்கி தயார். பைன் பலகைப் பெட்டி, உள்ளே தோல் ஒட்டிய கதவு, வில்தகட்டின் நுனியில் எடை. காற்று கதவைத் தள்ளும், எடை திரும்ப மூடும், மறுபடி தள்ளும். எடை கூடினால் வேகம் குறையும். பழைய திருகுத் துளைகளிலேயே நின்றுவிட்டது.

மார்ச் 30
20 கிராம்: நொடிக்கு 7. ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கிறது.
28 கிராம்: 6.
35 கிராம்: ஐந்தரை.
பெரியவரின் பதிவில் எண்ணியது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே.
ஏன் அடைத்தார்கள் என்பதும் புரிகிறது. கொக்கியின் வில் தளர்ந்தால் நடுக்கி விழாமல் நின்றுவிடும். அணிவகுப்புப் பாட்டுக்கூட அழத் தொடங்கிவிடும். ஆட்டத்துக்கு ஆட்டம் காசு வாங்கும் இடத்தில் அதைச் சரிசெய்ய யார் ஆர்கனை நிறுத்துவார்கள்? கொக்கிக்குப் புது வில் போட்டாயிற்று.

ஏப்ரல் 1
இரவு முழுக்கப் பெரியவருக்குக் காய்ச்சல்.

ஏப்ரல் 2
மரமுளையை இன்று பிடுங்கினேன். உடையாமல் வந்தது. பழைய வஜ்ஜிரம், இரண்டு சொட்டு வெந்நீருக்கே விட்டுவிட்டது. காகிதத்தில் சுற்றித் தேதி எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.
எடை 35 கிராம். வால்ட்ஸ் புத்தகம் தட்டில் இருக்கிறது, முதல் மடிப்பு உருளைக்கு அடியில். நாளைக் காலை 10 மணிக்குப் போனை அவர் காதருகே வைப்பதாக மகள் சொல்லியிருக்கிறார். ஹீட்டர் விடிய விடிய 18-இல் ஓடட்டும்.