தோகை இல்லாத மாதத்தில் மயில் பார்க்கப் போனது

மயிலாடுதுறைக்குக் கிளம்புகிறேன் என்றதும் வீட்டில் கேட்டது ஒன்றுதான்: "தோகை விரிச்ச போட்டோ அனுப்பு." புரட்டாசியில் அதற்கு வழியே இல்லை. தென்னாட்டு மயில்களுக்குச் சித்திரை, வைகாசிதான் ஆட்டக்காலம். அது முடிந்ததும் சேவல் மயில் தன் நீண்ட இறகுகளை உதிர்த்துவிடும். ஆண்டுதோறும் உதிர்வதும் முளைப்பதும்தான். எனக்கு ஆட்டத்தைவிட அதன் சாப்பாட்டின் மேல்தான் ஆர்வம்.

காலையில் மாயூரநாதர் கோயில். அம்பாள் மயிலாகிச் சிவனைப் பூசித்த தலம்; ஊர்ப்பெயரே அந்தக் கதையிலிருந்துதான். சுருக்கமாகத் தரிசனம் முடித்து, நண்பரின் பைக்கில் மணல்மேடு பக்கம் கொள்ளிடக் கரைக்குப் போனோம்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. சம்பாவுக்கு விதை தெளித்த நாற்றங்காலில் ஒரு கூட்டம் நின்றது. "எல்லாம் பெட்டையா?" என்றார் நண்பர். இல்லை, கழுத்து முழுக்க நீலமாக இருந்தவை தோகை போன சேவல்கள். பெட்டைக்குக் கழுத்தடியில் பச்சைப் பளபளப்பு மட்டும்தான் இருக்கும். தோகை இல்லாத சேவலைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. கல்யாணம் முடிந்து வாடகை நகையைத் திருப்பிக் கொடுத்த மாப்பிள்ளை மாதிரி.

ஆனால் அவை மேய்வதை நின்று பார்க்க வேண்டும். இரண்டு அடி நடை, ஒரு கொத்து, மறுபடி நடை. கிளறுவதை விடக் கண்ணால் பார்த்துப் பொறுக்குவதே அதிகம். முளைகட்டிய நெல் ஒரு வாய், வரப்புப் புல்லில் வெட்டுக்கிளி ஒரு வாய். ஒன்று ஓணானைப் பிடித்துத் தரையில் அடித்து விழுங்கியது. தானியம், பழம், பூமொட்டு, பூச்சி, தவளை, எலிக்குஞ்சு, சின்னப் பாம்பு என்று எதையும் விடாது. பெரிய நல்லபாம்பையே மயில் தின்னும் என்பதெல்லாம் நம் ஆட்கள் கூட்டிச் சொல்வது.

நாற்றங்காலைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், "பூச்சியையும் தின்னுதே, அது உங்களுக்கு நல்லதுதானேய்யா?" என்று கேட்டேன்.

"பூச்சியத் தின்னுட்டுப் போவட்டும் தம்பி, யாரு வேணாங்கிறா? வெத மொளைக்க வுட்டாத்தானே பூச்சி வர்றதுக்கு! தகரத்தத் தட்டுனா அந்தாண்ட வரப்புக்குப் போவும். நான் டீ குடிக்கப் போனா திரும்ப வரும்."

அவர் பேச்சில் கோபத்தைவிட அலுப்புதான் தெரிந்தது. 1963இல் தேசியப் பறவை ஆனது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பும் உண்டு. கல்லெறியக்கூட அவருக்குப் பயம். நாடு முழுக்க மயில் பெருகியிருப்பதை 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் சொல்கிறது. நரி குறைந்ததுதான் காரணம் என்பது பெரியவரின் கட்சி. எனக்கு அது பாதிக் காரணமாகவே படுகிறது. ஆற்றோரம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலங்காடு ஒளியவும் முட்டையிடவும் இடம் தருகிறது, பக்கத்திலேயே வயல் சோறு போடுகிறது. தரையில் முட்டையிட்டு ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும் பறவைக்கு வேறென்ன வேண்டும்?

பேச்சின் நடுவே கூட்டத்திலிருந்து கட்டையாக, அடுக்கடுக்காக ஒரு சத்தம். எல்லாக் கழுத்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. "நாயி வருது," என்றார் பெரியவர், திரும்பிப் பார்க்காமலே. கொஞ்ச நேரத்தில் கரைமேல் நாய் வந்தது. நீட்டி அகவுவது வேறு, இந்த எச்சரிக்கை வேறு. வயற்காரருக்கு இரண்டும் அத்துப்படி.

நம் காதுக்கு எட்டாத பேச்சும் மயிலுக்கு உண்டு. ஆடும்போது சேவல் தோகையை நொடிக்குச் சுமார் 25 தடவை அதிர வைக்கிறது. பெட்டையின் கொண்டை இறகுகளும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் இயல்பாக அதிரக்கூடியவை என்று 2018இல் ஓர் ஆய்வு கண்டறிந்தது. அப்படியானால் அவள் ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதோடு, தலையாலும் உணரக்கூடும்.

சாயங்காலம் கரையோர மரத்துக்கு ஒவ்வொன்றாகப் பறந்து ஏறின. இத்தனை கனத்த உடம்பு இவ்வளவு செங்குத்தாகக் கிளம்பும் என்று எதிர்பார்க்கவில்லை.

போகிறவர்கள் விடிந்ததும் போய்விடுங்கள். வெயில் ஏறினால் புதருக்குள் போய்விடும். நாற்றங்காலுக்குள் மட்டும் இறங்காதீர்கள், பெரியவர் தகரத்தை உங்களுக்கும் தட்டுவார்.