இரண்டு முறை ஏறிய லாரிகள்

2007இல் மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் கணினி வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்திலிருந்து செம்பனைப் பழக்குலை ஏற்றி வரும் லாரிகள் வாசலில் உள்ள எடைமேடையில் நின்று போகும். அங்கிருந்த கணினி, அன்றைய எடைகளையெல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக, அதாவது தரவைக் குறிச்சொற்களுக்குள் வைக்கும் உரைக் கோப்பாக, எழுதி வைக்கும். அதை எடுத்து ஆபீஸில் இருந்த ஐபிஎம்மின் பெரிய கணினியான ஏஎஸ்/400இன் டிபி2 தரவுத்தளத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. ஐபிஎம் அதன் பெயரை 2000இலேயே மாற்றிவிட்டது. ஆனால் ஆபீஸில் எல்லாருக்கும் அது ஏஎஸ் ஃபோர் ஹண்ட்ரட்தான்.

முதல் சிக்கல் எழுத்தில். சாதாரண கணினியில் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘A’யின் எண் 65; ஏஎஸ்/400 பேசும் எப்சிடிக் என்ற எழுத்துக்குறி முறையில் அதே எழுத்து 193. அதனால் எஃப்டிபியில் (கோப்பு அனுப்பும் முறை) அனுப்பும்போது எழுத்தை மாற்றாமல் பைனரியாகவே அனுப்ப வேண்டும். அப்புறம் அது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறி முறையில் இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரிய, கோப்புக்கு 1208 என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும். இதைச் சரியாகப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. அதன் பிறகு எழுத்தால் தொல்லை வரவில்லை.

பெரிய தொல்லை வந்தது ஒரு லாரிக்காரரின் பெயரால். அவருடைய நிறுவனப் பெயரில் ‘அண்ட்’ குறி (&) இருந்தது. எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறியை அப்படியே எழுதக்கூடாது. அதற்கென்று உள்ள மாற்றுத் தொடரைத்தான் எழுத வேண்டும். எடைமேடை மென்பொருளோ வெறும் எழுத்துகளை ஒட்டி ஒட்டிக் கோப்பை உருவாக்கியது. ஏஎஸ்/400இன் ஆர்பிஜி மொழியில் நான் எழுதிய நிரல், அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ்எம்எல்-இன்டு கட்டளையால் பத்துப் பத்து லாரிகளாகப் படித்து எழுதிக்கொண்டே போகும். முப்பது லாரி எழுதி முடித்த பிறகு அந்தக் குறியில் முட்டி நின்றுவிட்டது.

நான் கோப்பைத் திறந்து குறியைத் திருத்தி, மறுபடி ஓட்டினேன். சரியாக முடிந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை தோட்டத்துக் கிராணியார் (கணக்கெழுதும் எழுத்தர்) போன் செய்தார். “தம்பி, பதினெட்டுக் கிலோ குலை வெட்டுற காட்டுல முப்பத்தாறு கிலோன்னு வருதே. இது எந்த மரத்துக் காய்ப்பு?”

அவர் கேட்ட பிறகுதான் விளங்கியது. முந்தைய நாளே உள்ளே போயிருந்த முப்பது லாரிகளும் மறுபடி ஏறியிருந்தன. அது வெறும் லாரிக் கணக்கு இல்லை. ஒரு காட்டிலிருந்து, அதாவது தோட்டத்தின் ஒரு பகுதியிலிருந்து, வந்த மொத்த எடையை அங்கே வெட்டிய குலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் குலைக்குச் சராசரி எடை வரும். ஒவ்வொருவரும் வெட்டிய குலையை அந்தச் சராசரியால் பெருக்கித்தான் செக்ரோலில் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) டன் போடுவார்கள், சம்பளம் போடுவார்கள். என் அப்பாவும் குலை வெட்டியவர். செக்ரோலில் ஒரு எண் தவறினால் லயத்து வீட்டில் (தொழிலாளர் குடியிருப்பு) என்ன நடக்கும் என்று சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். அதிகமாகப் போட்டுவிட்டு அடுத்த மாதம் பிடித்துக்கொள்வது குறைத்துப் போடுவதைவிடக் கொடுமை. அந்தக் காசு அதற்குள் கடைக்காரரிடம் போயிருக்கும்.

நல்லவேளை, சம்பளம் போட இன்னும் நாள் இருந்தது. ஒவ்வொரு வரியாகப் பார்த்து நீக்கினேன்.

அதற்குப் பிறகு ஏற்றும் முறையையே மாற்றினேன். அட்டவணைக்கு ஜர்னல் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஏடு) போட்டு, கமிட்மென்ட் கன்ட்ரோலில் நிரலை ஓடவிட்டேன். கடைசி லாரிவரை சரியாக வந்தால்தான் கமிட், அதாவது பதிவு உறுதியாகும்; நடுவில் எது நின்றாலும் எல்லாம் ரோல்பேக், அதாவது எழுதியது எல்லாம் திரும்ப அழிந்துவிடும். எடைச்சீட்டு எண்ணை யுனிக் கீ (ஒரு முறை மட்டுமே வரக்கூடிய எண்) ஆக்கினேன், ஒரே சீட்டு இரண்டாவது முறை நுழையவே முடியாது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சோதனைக்குக் கொடுத்த கோப்புகள் எல்லாம் சுத்தமாக இருந்ததால், பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். கிராணியார் தினமும் நோட்டில் பென்சிலால் லாரி எண்ணிக்கையையும் மொத்த எடையையும் எழுதி வைப்பார். சாயங்காலம் நிரலை ஓட்டுவதற்கு முன் அவருக்குப் போன் செய்து அந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்கி, திரையில் தட்டச்சு செய்வேன். கோப்பின் கூட்டுத்தொகை அதோடு ஒத்துப்போனால்தான் நிரல் கமிட் செய்யும்.