கொசியஸ்கோ மேட்டில் ஒரு ராத்திரி

ஜனவரி 9, ஜிண்டபைன், ஆஸ்திரேலியா (இங்கே இப்போது கோடை)

நாளை காலை சார்லட் பாஸிலிருந்து நானும் அக்காவும் நடக்கத் தொடங்குகிறோம். கொசியஸ்கோ உச்சி வழியாகச் சுற்றி வரும் மெயின் ரேஞ்ச் மலைப்பாதை மொத்தமே சுமார் 22 கிலோமீட்டர்தான், ஒரே நாளில் முடிப்பவர்கள் நிறைய, ஆனால் பூ பார்க்கப் போகிறவர்கள் பத்தடிக்கு ஒருமுறை குனிவார்கள், அதனால் மேலேயே கூடாரம் போட்டுத் தங்குவதாக முடிவு. அங்கே தீ மூட்டக்கூடாது, சின்ன காஸ் அடுப்பு எடுத்தாச்சு.

ஜனவரி 10

முறுக்கிக்கொண்டு நிற்கும் ஸ்னோ கம் என்ற யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டி இறங்கினால் ஸ்னோவி ஆறு. கல் மேல் கல்லாகத் தாவிக் கடந்தோம். கை நனைத்தால் எலும்பு வரை குளிர்கிறது. அதற்கப்புறம் ஏற்றம், மரமே கிடையாது, புல்வெளி முழுக்க வெள்ளி டெய்சி. இலை, தண்டு எல்லாம் வெண்பஞ்சு போர்த்தியதுபோல் இருக்கும், காற்றடித்தால் சரிவே ஒரு பக்கமாகச் சாய்ந்து மின்னுகிறது.

ஆனால் நான் தேடி வந்தது அனிமோன் பட்டர்கப். ப்ளூ லேக் ஏரியைத் தாண்டி, உருகாமல் கிடந்த ஒரு பனித்திட்டின் ஓரத்தில் கிடைத்தது! பனியிலிருந்து இரண்டு முழம் தள்ளி, சொதசொதவென்ற கறுப்பு மண்ணில், உள்ளங்கையில் பாதி அளவு வெள்ளைப் பூ, அடுக்கடுக்காக இதழ், நடுவில் மஞ்சள். உலகத்திலேயே இந்த மலைப்பகுதியில் மட்டும்தான் இது வளர்கிறது. முன்பு கோடைதோறும் ஆடு மாடுகளை மேலே ஓட்டி வருவார்கள், ஆடுகள் தேடித்தேடித் தின்றதில் பாறை இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. 1944ல் இந்த மலைப்பகுதி பூங்காவானது, மேய்ச்சலைப் படிப்படியாக நிறுத்தினார்கள், பூ தானாகத் திரும்பி வந்தது. ரொம்ப நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பனியாறு குடைந்த ஏரிகளுக்குத் தண்ணீர் வடியும் சரிவுகளில் தங்க அனுமதி இல்லை, அதனால் ட்வைனம் மலைப் பக்கம் ஏறிக் கூடாரம் போட்டோம்.

ஜனவரி 11

ராத்திரி முழுக்கக் காற்று, தூக்கம் கொஞ்சம்தான். கரத்தர்ஸ் சிகரம் தாண்டி முகட்டில் வெறும் சரளைக் கல் மாதிரி ஒரு இடம், அதைத்தான் ஃபெல்ட்மார்க் என்கிறார்கள். ஒன்றுமில்லை என்று நினைத்துக் காலை வைக்கப் போனேன், "டேய், பாத்து வை, கீழ செடி இருக்கு" என்று அக்கா கத்தினாள். குனிந்தால், தரையோடு ஒட்டிய குட்டிப் புதர். காற்று அடிக்கும் பக்கம் பட்டுப்போய் வெறும் குச்சி, மறைவுப் பக்கம் புதுத் தளிர், அங்கே வேரும் விட்டிருக்கிறது. இப்படியே வருஷக்கணக்கில் காற்றுக்கு முதுகு காட்டி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்குமாம். ஒரு மிதி போதும், அத்தனையும் போய்விடும். தயவுசெய்து பாதையை விட்டு இறங்காதீர்கள்.

கொசியஸ்கோவின் 2228 மீட்டர் உச்சியில் நல்ல கூட்டம், நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை. திரும்பும் வழியில் கல்லால் கட்டிய சீமன்ஸ் குடிலில் ரொட்டி சாப்பிட்டோம். 1928ல் பனிப்புயலில் சிக்கி இறந்துபோன இருவரின் நினைவாகக் கட்டியது அது. இன்று வாசலில் வெயில், சுற்றிலும் பூ.

கோடை முடியும் நேரத்தில் இங்கே ஜென்ஷியன் பூக்கும். அக்கா காரில் ஏறியதுமே காலண்டரை எடுத்து லீவு பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.