கடற்கரைச் சட்டத்தைப் போஸ்டரில் வரைவது: விஸ்காம் இறுதியாண்டு புராஜெக்ட் அனுபவம்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டில் காலநிலை சம்பந்தமாகப் புராஜெக்ட் எடுக்கப்போகிற தம்பி தங்கைகளே, உருகும் பனி, வெடித்த நிலம், உள்ளங்கையில் பூமி உருண்டை எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு சட்டத்தை எடுத்து, மூலத்தை முழுசாகப் படியுங்கள். நான் எடுத்தது 2019 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. நம் குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடலரிப்பையும், அதைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவையும் பேசாத ஊர் கிடையாது. ஆனால் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்கிற சட்டம் அரசிதழ் நடையிலேயே கிடக்கிறது.

அதன் கரு சின்னதுதான். கிராமப்புறக் கடற்கரையில், 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் இடங்களில், உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர் வரை கட்டுமானத் தடை மண்டலம். நெருக்கம் குறைந்த இடங்களில் 200 மீட்டர். விலக்குகளும் உண்டு. கடலோர மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெறும்வரை நெருக்கமான ஊருக்கும் பழைய 200 மீட்டர்தான். ஏற்கெனவே அனுமதியோடு நிற்கும் கட்டடத்தை, இருக்கிற அளவைத் தாண்டாமல் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம். இடம் போதவில்லை என்று இவற்றை வெட்டினால் போஸ்டர் என்னவோ அழகாக வரும். அதைப் பார்க்கிற மீனவர் தன் வீட்டுக் கூரையை மாற்றவே பயப்படுவார்.

வரைவைக் கணினியிலேயே வைத்திருக்காமல் கடற்கரைக்குக் கொண்டுபோங்கள். குளச்சல் பக்கம் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார்: “அம்பது மீட்டர்னா எங்க இருந்து மக்ளே அளப்பாவ?”

என் போஸ்டரே அந்தக் கேள்விதான். மேலிருந்து பார்க்கிற வரைபடத்தில் அதற்குப் பதில் தெரியாது. அதனால் கடலையும் கரையையும் பக்கவாட்டில் வெட்டிய தோற்றமாக வரைந்தேன். இடப்பக்கம் கடல், அடுத்து அமாவாசை பௌர்ணமி ஓதத்தில் தண்ணீர் ஏறும் எல்லை. அதுதான் உயர் அலைக் கோடு, அங்கிருந்து அளவு தொடங்குகிறது. ஏ2 தாளைப் படுக்கையாக வைத்தால் அகலம் 59.4 செ.மீ. 1 செ.மீ.க்கு 10 மீட்டர் என்று கொண்டால் 50 மீட்டர் 5 செ.மீ., 200 மீட்டர் 20 செ.மீ. ஒழுங்குமுறை மண்டலத்தின் வெளி எல்லையான 500 மீட்டரும் அடங்கி, கடலுக்கு 9 செ.மீ. மிஞ்சும். கரையேற்றிய வள்ளம், தென்னை, வலைக்கூடம், பின்னால் கோயில் கோபுரம் என்று வைத்ததும் ஆட்கள் தங்கள் வீட்டை விரலால் தொட்டுக் காட்டத் தொடங்கினார்கள். அளவுகோலை மட்டும் அழகுக்காக வளைக்காதீர்கள்.

சிவப்பு பச்சையை நம்பவேண்டாம். அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு. ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பல். கோடு, புள்ளி நிரப்பல்கள் பிழைக்கும். கடல்மட்ட உயர்வையும் கரை மாற்றத்தையும் கணக்கில் எடுத்து வரைந்த ஆபத்துக் கோட்டுக்கும் தனி வடிவம் கொடுங்கள். 2019 அறிவிக்கையில் அது பேரிடர் திட்டமிடலுக்கான கோடு. தடைக்கோட்டோடு கலந்தால் சட்டமே மாறிவிடும். 2004 சுனாமி, 2017 ஒக்கிப் புயல் படங்களை நான் சேர்க்கவில்லை. அவற்றை நேரில் கண்ட வீடுகளுக்குப் படம் காட்டி உணர்த்த எதுவும் இல்லை.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் எழுத்து உடைந்தால், அதிலுள்ள வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்புக்கு மாற்றுங்கள். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டுங்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வண்ணத்தைப் பற்றிக் கேட்டது கொஞ்சம்தான். “இந்த வரி எந்தப் பிரிவில் இருக்கிறது?” என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒவ்வொரு தகவலுக்கும் கீழே பிரிவு எண்ணைப் பொடி எழுத்தில் போட்டிருந்ததால் தடுமாறவில்லை. மூலையில் அறிவிக்கையின் ஆண்டையும் போடுங்கள். 1991, 2011, 2019 என்று இந்தச் சட்டம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மீனவர் சங்கச் சுவரில் ஒட்டக் கொடுக்கும்போதே, அடுத்த திருத்தம் வந்தால் யார் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவது என்றும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.