18 அங்குல மேசைக்கு எந்த ஸ்பீக்கர்?

ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குப் போனால், "எத்தனை வாட்டுல பாக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். என் கணக்கில் அது நாலாவதோ ஐந்தாவதோ வர வேண்டிய கேள்வி. முதலில் இஞ்ச் டேப்பை எடுத்து மேசையை அளக்க வேண்டும்.

என்னுடையது அம்மாவின் பழைய தையல் மெஷின் மேசை. மெஷினைக் கழற்றி மச்சில் ஏற்றிவிட்டு, மேலே ஒரு பிளைவுட் பலகையைத் திருகியிருக்கிறேன். முன் விளிம்பிலிருந்து சுவர் வரை 18 அங்குலம், அவ்வளவுதான். வலது பக்கம் ஸ்டீல் பீரோ, இடது பக்கம் ஜன்னல், தலைக்கு மேலே ஓடு. ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் அந்த ஓட்டுச் சத்தமே ஒரு தனிக் கச்சேரி.

அதில் உட்கார்ந்து நான் செய்வது, மலையாள ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுக்கிற வேலை. செங்கோட்டைக்காரிக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. 1956 நவம்பர் வரை எங்கள் ஊர் திருவிதாங்கூரோடு, கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சியோடு, இருந்தது, ஊர் வாசல் வளைவில் அந்தச் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. தாத்தா பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளம் வீட்டில் ஒட்டிக்கொண்டு, எனக்குச் சோறு போடுகிறது. பேட்டி, விசாரணை, ஆய்வுக்காக எடுத்த வாய்மொழிப் பதிவு என்று நாளெல்லாம் மனுஷக் குரல்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டே இருந்தால் வெயில் காலத்தில் காது வெந்து போகிறது. அதனால்தான் ஸ்பீக்கர்.

வாங்கப் போகிறேன் என்று தெரிந்ததும் மாமா வந்துவிட்டார். அவர் ரேடியோ செட் வைத்திருப்பவர். சுற்று வட்டாரத்தில் பாதிக் கோயில் கொடைகளுக்கு அவருடைய குழாயும் பாக்ஸும்தான் போகும். "என்ன தாயி, மூணு இஞ்சு ஸ்பீக்கரா? எங்க ஆம்பிளிஃபையர்ல கரண்டு இருக்கான்னு பாக்கக்கூட அத வைக்க மாட்டோமே" என்றார். அவர் தொழிலுக்கு அது சரிதான். திறந்த வெளியில் 200 அடி தள்ளி நிற்பவனுக்குக் கேட்க வேண்டும். என் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 60 செ.மீ.தான்.

இந்த 60 செ.மீ. எப்படி எல்லாக் கணக்கையும் மாற்றுகிறது என்று பாருங்கள். சிறிய ஸ்பீக்கர்கள் பலவும் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 84 டெசிபல் அளவுக்குச் சத்தம் தரும். 60 செ.மீ.க்கு நெருங்கினால் அதுவே 88 ஆகிவிடும். நான் வேலை செய்கிற சத்தம் 68 டெசிபல் போலத்தான், எதிரே உட்கார்ந்து ஒருவர் கொஞ்சம் உரக்கப் பேசுகிற மாதிரி. இடையில் 20 டெசிபல் வித்தியாசம். 10 டெசிபல் குறைந்தாலே பவர் பத்தில் ஒரு பங்கு போதும். அப்படியென்றால் எனக்குத் தேவைப்படுவது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. பாட்டு கேட்கும்போது திடீரென்று எழும்புகிற அடிக்காகப் பத்து மடங்கு, நூறு மடங்கு சேர்த்து வைத்தாலும் ஒற்றை வாட்டைத் தாண்டவில்லை. பழைய டேப் ரிக்கார்டர் காலத்தில் அட்டைப்பெட்டியில் 2000 வாட் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சம் என்று ஊதிச் சொல்கிற எண்) என்று அச்சடித்து விற்பார்களே, அந்த எண்ணை இப்போதும் மரியாதையாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது விடாமல் தொடர்ந்து தரக்கூடிய பவர். அதிலும் 15, 20 இருந்தால் மேசைக்குத் தாராளம்.

யு.எஸ்.பி.யிலேயே கரண்டு எடுக்கிற ஸ்பீக்கர்களுக்கு இன்னொரு சின்னக் கணக்கு. பழைய யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் 2.5 வாட். அதில் செருகி 20 வாட் வருகிறது என்று எவனாவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். டைப்-சி துளை 3 ஆம்பியர் வரை தரக்கூடியது, அங்கே கதை கொஞ்சம் பரவாயில்லை.

அப்புறம் பாஸ், அதாவது கீழ்ச் சுருதி. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சத்தம் குறையாமல் ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸுக்கு, இறங்க வேண்டுமென்றால், ஸ்பீக்கரில் அதிர்கிற கூம்பு முன்னும் பின்னும் ஓடுகிற தூரம் நாலு மடங்காக வேண்டும். 3 அங்குலக் கூம்பு எவ்வளவுதான் ஓடும்? அமெரிக்காவில் கே.எல்.ஹெச். கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவர் ஹாஃப்மன், பெரிய பியானோக் கலைஞரின் மகன். அவர் பெயரில் ஓர் இரும்பு விதி உண்டு. பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், பாஸ் ஆழமாக இறங்க வேண்டும், குறைந்த பவரில் நிறையச் சத்தம் வர வேண்டும் என்ற மூன்று ஆசையில் இரண்டுதான் நிறைவேறும். உள்ளங்கை அளவுப் பெட்டியில் "டம் டம்" என்று அதிர்கிறதென்றால், கீழ் ஸ்தாயி நிஜமாகவே வருகிறது என்று அர்த்தமில்லை. 100, 150 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேட்டை ஏற்றிவைத்து ஏமாற்றுகிறார்கள். அந்த மேடு சரியாக ஆண் குரலின் அடித்தளத்தில் போய் உட்காருகிறது. பேசுகிறவர் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

ஆண் குரலின் அடிப்படைச் சுருதி பெரும்பாலும் 85 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கும். ஆகவே 80 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கினால் என் பிழைப்பு நடந்துவிடும். தவிலின் இடந்தலை கொஞ்சம் மெலியும், பாஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் இருப்பதால் அதன் அடிச்சுருதி வரவே வராது. வராததைப் பற்றி நான் கவலைப்படவில்லை. வருவது திரிந்து வந்தால்தான் கவலை.

சின்னப் பெட்டியைக் கேவலமாக நினைக்கிற மாமா மாதிரி ஆட்களுக்குச் சொல்ல ஒரு நல்ல உதாரணம் பி.பி.சி. வைத்திருக்கிறது. வெளி ஒலிபரப்பு வேன்களுக்குள் இடம் கிடையாது, ஆனால் போகிற ஒலி சரியா என்று பொறியாளர் காதால் பார்த்தாக வேண்டும். அதற்காகவே 1970களில் எல்.எஸ்.3/5ஏ என்று ஒன்றைச் செய்தார்கள். ஓர் அடி உயரப் பெட்டி, உள்ளே சுமார் 5 லிட்டர் இடம், கெஃப் கம்பெனியின் பி110 கூம்பு. பாஸ் பெரிதாக இல்லை, சத்தமும் அதிகம் போகாது. குரல் மட்டும் குரலாக இருக்கும். இன்றைக்கும் அதைத் திரும்பத் திரும்பச் செய்து, நாம் தொட முடியாத விலைக்கு விற்கிறார்கள். மாமாவிடம் இதைச் சொன்னேன். "பி.பி.சிக்காரன் கொடை நடத்துனானா?" என்று கேட்டார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

சரி, எது எது பார்த்தேன் என்று சொல்கிறேன். என் வரம்பு பத்தாயிரம், இழுத்தால் பன்னிரண்டு.

கிரியேட்டிவ் பெபிள் கையடக்கமானது. உருண்டையாக, 2 அங்குலக் கூம்பு 45 டிகிரி மேல்நோக்கி இருக்கும். அந்தச் சாய்வு நல்ல யோசனை, ஒலி மார்பில் முட்டாமல் காதுக்கு வருகிறது. மேல் சுருதிக்கென்று ட்வீட்டர் என்ற தனிக் குட்டி ஸ்பீக்கர் இல்லாத ஒற்றைக் கூம்பு என்பதால் குரல் இரண்டாகப் பிரியாது. விலைக்குக் குறை சொல்ல முடியாது. மேசை இன்னும் சின்னது, பணமும் குறைவு என்கிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். எடிஃபையர் ஆர்1280டி 4 அங்குலம், கேட்க இதமானது, பாட்டுக்கு ரொம்பப் பேருக்குப் பிடிக்கும். ஆனால் ஆழம் சுமார் 20 செ.மீ., வால்யூம் திருகு பக்கவாட்டில். என் பீரோ ஓரத்தில் வைத்தால் திருக விரல் நுழையாது. ஆடியோஎஞ்சின் ஏ2+ அழகு, 2.75 அங்குலம், பாஸுக்காகப் பெட்டியில் விடுகிற காற்றுத் துளை முன்பக்கமே, சுவரை ஒட்டிப் போடலாம். விலை என் வரம்பைத் தாண்டிப் போய்விட்டது. பிரிசோனஸ் ஈரிஸ் இ3.5 கடைசியில் வீட்டுக்கு வந்தது. ஆழம் சுமார் 16 செ.மீ., வால்யூமும் ஹெட்போன் துளையும் முன்னால், ஒரு பக்கத்துக்கு 25 வாட், 80 ஹெர்ட்ஸ் வரை.

கேட்டுப் பார்த்தது புனலூரில். செங்கோட்டையிலிருந்து ரயில் ஏறினால் பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை என்று மலையைக் குடைந்து இறங்கிவிடும், பாதிக் காசு அந்த ஜன்னல் காட்சிக்கே கொடுக்கலாம். கடைப் பையன் போட்டதெல்லாம் டமார் டமார் என்று அடிக்கிற பாட்டு. அதில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். நான் பென் டிரைவில் என் கோப்பைக் கொண்டு போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து பாட்டி பேசுவதை நானே போனில் பதிவு செய்தது. பின்னால் ஓட்டில் மழை, அடுக்களையில் மிக்ஸி. "பாட்டொன்னும் வேண்டே சேச்சீ?" என்று பையன் பாவமாகக் கேட்டான்.

பாட்டி ஓரிடத்தில் வலி, வழி இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்கிறாள், இன்னோரிடத்தில் வாயில் வெற்றிலையோடு பேசுகிறாள். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக விழுகிறதா என்பதுதான் என் சோதனை. அந்த வித்தியாசம் 1,500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் சுமாருக்குள் இருக்கிறது. கூம்பிலிருந்து ட்வீட்டருக்கு வேலை கைமாறுவதும் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான். கைமாறுகிற இடம் சரியில்லாவிட்டால் தலையைக் கொஞ்சம் தூக்கினாலே குரல் மாறும். கடையில் நான் எழுந்து, உட்கார்ந்து, குனிந்து கேட்டதைப் பார்த்துப் பையனுக்குக் கொஞ்சம் பயம்தான். ஒரு ஜோடியில் உட்கார்ந்தால் வழி, எழுந்தால் வளி. அதை ஓரமாக வைத்துவிட்டோம்.

ப்ளூடூத் எனக்கு ஆகாது. காலுக்குக் கீழே பெடல் இருக்கிறது, மிதித்தால் பதிவு ஓடும், விட்டால் நிற்கும். ப்ளூடூத்தில் கால் நொடிக்குப் பக்கத்தில் தாமதம் வந்தால், மிதித்த பிறகு ஒலிக்காகக் காத்திருக்க வேண்டும். படம் பார்க்கிறவர்களுக்கு உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். கம்பிதான் நல்லது. தோழி கொடுத்த இன்னொரு ஜோடியில் தொல்லை வேறு மாதிரி. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தானே தூங்கிவிடும். சத்தம் குறைவாக வைத்துக் கேட்டால், ஒலி வருகிறது என்பதே அதற்குத் தெரியாமல் தூக்கம். பேட்டி கொடுக்கிறவர் யோசித்து, இருமி, மறுபடி ஆரம்பிப்பதற்குள் பெட்டி அணைந்திருக்கும். இந்தத் தானாகத் தூங்குகிற வசதியை நிறுத்திவைக்க வழி உண்டா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கொண்டுவந்து வைத்ததில்தான் பாதி வித்தை. ஈரிஸ் இ3.5-க்குக் காற்றுத் துளை பின்னால். என் மேசையில் சுவருக்கு விட முடிந்தது நாலு விரல் இடம். சுவர் பக்கத்தில் இருந்தால் கீழ்ச் சுருதிகள் ஏறும், குரல் குண்டாகும். பின்னால் 'லோ' என்று ஒரு திருகு இருக்கிறது, அதைக் கீழே இறக்கினேன், தெளிந்தது. மேசைப் பலகையும் சும்மா இருக்காது. ஒலி அதில் பட்டுத் திரும்பி, நேரே வருகிற ஒலியோடு மோதும். அதனால் ஸ்பீக்கரைத் தூக்கி, மூக்கைக் கொஞ்சம் மேலே சாய்த்து, ட்வீட்டர் காதைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதற்கென்று விற்கிற பஞ்சுத் தாங்கியின் விலையைப் பார்த்துவிட்டு, தேய்ந்த ஹவாய் செருப்பை அறுத்தேன். முன்னால் இரண்டு அடுக்கு, பின்னால் ஒன்று. பழைய மெஷின் மேசை உள்ளே வெற்றிடம் என்பதால் முன்பு சில சொற்களுக்குக் கூடவே உறுமும். ரப்பர் அதையும் நிறுத்தியது. பீரோவின் மேல் ஒரு பழைய நூல் சேலை தொங்குகிறது. வருகிறவர்கள் துணி காய்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உறுமலில் இன்னொரு ஜாதி, லேப்டாப் சார்ஜரைச் செருகினால் மட்டும் வருவது. சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றம் ஸ்பீக்கரில் இல்லை, எர்த்தில். எங்கள் வீட்டுப் பழைய வயரிங்கில் அறைக்கு அறை எர்த் ஒரு மாதிரி. லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியதும் அடங்கியது. அதிலும் போகாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா கிடைக்கிறது.

எங்கள் பக்கத்து ஈரத்துக்கு இன்னொன்று பார்க்க வேண்டும். கூம்பைச் சுற்றி இருக்கிற விளிம்பு ஃபோமா ரப்பரா? ஃபோம் விளிம்பு ஈரக் காற்றில் சில வருஷங்களில் பிசுபிசுத்து, விரல் பட்டால் மாவாக உதிரும். மாமாவின் கிட்டங்கியில் அப்படி உதிர்ந்தவை வரிசையாகக் கிடக்கின்றன. ரப்பர் நிற்கும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பெட்டியின் அடி விளிம்பில் ஈரத் துணியை ஓட்டக் கூடாது, ஊறினால் உப்பிவிடும்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல பழைய ஸ்பீக்கர் ஜோடி சும்மா கிடந்தால் புதிது வாங்கவே வேண்டாம். டி.பி.ஏ.3116 சிப் போட்ட குட்டி ஆம்பிளிஃபையர் கொஞ்ச விலையில் கிடைக்கிறது, அதற்கு ஏற்ற அடாப்டரைப் போட்டால் முடிந்தது. மேசையில் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஈரிஸில் எனக்குப் பிடிக்காதது, பின்பக்கம் கை நீட்டித் தடவி எதையாவது திருக வேண்டியிருப்பது. ஐப்பசியில் சாயங்காலம் மேற்கே மலையில் முதல் உறுமல் கேட்டதுமே நான் சுவிட்சைத் தேடுவதில்லை, எக்ஸ்டென்ஷன் பெட்டியையே சுவரிலிருந்து பிடுங்கிவிடுகிறேன். இடி இறங்கி ஆம்பிளிஃபையர் கருகினால் மாமாதான் சரிபார்ப்பார். அவர் கிட்டங்கிக்குள் போனது எதுவும் கொடை முடியாமல் திரும்பாது.