வீதிக்குப் பெயரில்லாத ஊர்

நான் மதுரையில் பிறந்து வளர்ந்தவன். மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரிலேயே வீதிகள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதால், ஒருவர் ‘மேல மாசி வீதி’ என்று சொன்ன உடனேயே, கோவிலிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தள்ளி என்பது எங்களுக்கு விளங்கிவிடும். விளங்காவிட்டாலும் குறையில்லை, “அண்ணே, இது எங்கே இருக்கு?” என்று முதல் கடையில் கேட்டால், கடைக்காரர் மட்டுமல்லாமல் அங்கே தேநீர் அருந்திக்கொண்டிருக்கும் நால்வரும் சேர்ந்து வழி சொல்வார்கள். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையோடுதான் ஒரு செப்டம்பர் மாதத்தில் வேலைக்காக டோக்கியோவில் வந்து இறங்கினேன்.

முதல் சனிக்கிழமை, நிஷி கசாயில் வசிக்கும் அலுவலக நண்பர் என்னை மதிய உணவுக்கு அழைத்திருந்தார். 2000-ஆம் ஆண்டையொட்டிக் கணினிகளில் எழுந்த தேதிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் குடியேறத் தொடங்கிய பகுதி அது. இன்றும் அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கின்றன. நண்பர் அனுப்பிய முகவரியில் ஊர்ப் பெயருக்குப் பின் மூன்று எண்கள் மட்டுமே இருந்தன, தெருப் பெயர் இல்லை. அவர் எழுத மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். பெரிய சாலைகள் சிலவற்றைத் தவிர, இந்த நகரத்தின் தெருக்களுக்குப் பெயரே கிடையாது என்பதை அன்றுதான் அறிந்தேன். முதல் எண் ‘சோமே’ எனப்படும் வட்டாரத்தையும், இரண்டாவது எண் தெருக்களுக்கு இடைப்பட்ட மனைத்தொகுதியையும், மூன்றாவது எண் அத்தொகுதிக்குள் இருக்கும் கட்டடத்தையும் குறிக்கும். 1962-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த இந்த முறையில், கட்டட எண்கள் தெரு நெடுகச் செல்லாமல் தொகுதியைச் சுற்றி வருகின்றன. நமக்குத் தெரு என்பது ஓர் இடம். இவர்களுக்கோ அது இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வெற்று இடைவெளி. இதை என் மனம் ஏற்றுக்கொள்ளப் பல வாரங்கள் பிடித்தன.

கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துவிட்ட நிலையில், அரைமணி நேரம் ஒரே தொகுதியைச் சுற்றிய பிறகு, ‘கோபான்’ என்னும் சிறு காவல் சாவடி ஒன்று கண்ணில் பட்டது. நம் ஊரில் வழி கேட்பதற்காகக் காவல் நிலையத்துக்குள் நுழைய எவருக்கும் தோன்றாது. நானும் தயங்கியே நுழைந்தேன். 1874 முதல் இந்நகரில் இருந்துவரும் அந்தச் சாவடிகளின் அன்றாடப் பணிகளில் வழி காட்டுவதும் ஒன்று. இளம் காவலர் ஒருவர் பகுதியின் வரைபடத்தை மேசைமேல் விரித்து, எண்களின் மேல் விரலை ஓட்டி, கட்டடத்தைக் கண்டுபிடித்து, ஒரு துண்டுத் தாளில் படம் வரைந்து கொடுத்தார். நாங்கள் இருவரும் பேசிய சொற்கள் பத்துக்கு மேல் இருக்காது.

அந்தப் பேச்சின்மைதான் தொடக்கத்தில் என்னை வாட்டியது. நகரின் மையத்தை வட்டமாகச் சுற்றி வரும் யமனோத்தே வழித்தடம் 34.5 கிலோமீட்டர் நீளமும் 30 நிலையங்களும் கொண்டது. அதில் ஓடும் ரயிலின் பதினொரு பெட்டிகளிலும் காலையில் தோளோடு தோள் உரச மக்கள் நிற்பார்கள், ஆனால் அறிவிப்புக் குரலைத் தவிர வேறெதுவும் பெரும்பாலும் கேட்காது. ஒரு நாள் அம்மா அழைத்தபோது வழக்கம்போல் எடுத்துப் பேசினேன். எவரும் என்னைத் தடுக்கவில்லை. எதிரே நின்ற பெரியவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார். அவருக்காக நான் வெட்கப்பட்டேனா, எனக்காக அவர் வெட்கப்பட்டாரா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. சில நாட்களுக்குப் பிறகே, ரயிலில் தொலைபேசியில் பேசக் கூடாது என்று சன்னலோரம் ஒட்டியிருந்த படம் என் கண்ணில் பட்டது. 200-க்கும் மேற்பட்ட வாயில்கள் கொண்ட ஷின்ஜுகு நிலையத்தில்கூட, மஞ்சள் பலகைகளும் அம்புக்குறிகளும் எண்களுமே வழி சொல்கின்றன. எவரும் எவரையும் கேட்கத் தேவையில்லாதபடி ஒரு நகரத்தை அமைத்திருக்கிறார்கள். கேட்டே வளர்ந்த எனக்கு அது பெரும் தனிமையாக இருந்தது.

வீடு தேடியபோது வேறொரு கசப்பும் சேர்ந்தது. முகவர் என் எதிரிலேயே உரிமையாளர்களை ஒவ்வொருவராக அழைத்து, நான் வெளிநாட்டவர் என்று சொல்லி, பிறகு என்னிடம் பணிவாகத் தலைவணங்கி மன்னிப்புக் கேட்டார். நான்கு இடங்களில் இதுவே நடந்தது. கோபம் வந்தது உண்மை. ஆனால் சென்னையில் சாதியையும் சாப்பாட்டையும் கேட்டுவிட்டுக் கதவை மூடிய வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று கதவுக்கு வெளியே நின்றது என் நண்பன், நான் அவனுக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த நினைவு என் கோபத்தைவிட அதிகமாக வலித்தது. ஐந்தாவது உரிமையாளர் ஒப்புக்கொண்டார். முன்பணத்தோடு, ‘ரெய்கின்’ என்ற பெயரில் திரும்பக் கிடைக்காத ஒரு மாத வாடகையும் கொடுத்துக் குடியேறினேன்.

குப்பையில் அடுத்த பாடம். 1995-இல் சுரங்க ரயிலில் நடந்த நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் குப்பைத்தொட்டிகள் பெருமளவில் அகற்றப்பட்டன என்பதால், வெளியில் சேரும் குப்பையும் வீட்டுக்கே வருகிறது. எரியும் குப்பைக்கு ஒரு நாள், நெகிழிப் புட்டிகளுக்கு ஒரு நாள் என்ற கணக்கை நான் தவறவிட்டபோது, என் பை மட்டும் ஒரு சிவப்பு ஒட்டுத்தாளுடன் தெருவோரம் தனியாகக் கிடந்தது. திட்ட எவரும் வரவில்லை. திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும் என்று தோன்றியது.

புதிதாகக் குடிவருபவர்கள் சிறு அன்பளிப்போடு அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சென்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வழக்கம் இங்கு உண்டு என்பதை, நவம்பரில்தான் நண்பரின் மனைவி சொன்னார். “இவ்வளவு நாளாகியும் போகவில்லையா, தம்பி?” என்று அவர் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே ஒரு கைத்துண்டை அழகாகச் சுற்றி வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். எழுபது வயதைக் கடந்த அம்மையார் கதவைத் திறந்து, என் தடுமாற்றமான ஜப்பானிய மொழியை இறுதிவரை பொறுமையாகக் கேட்டு, இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டு தலைவணங்கினார். எந்த ஊர், என்ன வேலை, திருமணம் ஆகிவிட்டதா, ஒன்றுமே கேட்கவில்லை. நான் ஏமாற்றத்தோடு திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்து, மாலை ஐந்து மணிக்குப் பகுதி ஒலிபெருக்கியில் வழக்கமான மெல்லிசை ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில் கதவைத் திறந்தேன். பேரிடர் காலத்தில் எச்சரிக்கை தரும் கருவிகள் பழுதின்றி இருக்கின்றனவா என்று நாள்தோறும் பார்த்துக்கொள்வதற்காகவே அந்த இசையை ஒலிக்கவிடுகிறார்கள். வெளிக் கைப்பிடியில் ஒரு காகிதப் பை தொங்கியது. உள்ளே, இங்கு ‘காக்கி’ என்று அழைக்கும், தக்காளியைப் போன்ற ஆரஞ்சு நிறப் பழங்கள் நான்கு இருந்தன. கூடவே ஒரு சிறு தாளில், எழுத்துக் கூட்டிப் படிக்கும் எனக்கும் புரியும்படி, சீன எழுத்து ஒன்றுகூட இல்லாமல், ‘ஹிரகானா’ என்னும் எளிய ஜப்பானிய ஒலியெழுத்துகளால் தனித்தனியாகப் பெரிதாக எழுதியிருந்தார்: “இனிப்பாக இருக்கும்.”