கத்தாத குரல்

2017 ஜூன் 20, செவ்வாய்

மதியம் லேபில் ஸ்லைடுகளுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். பையில் போன் இரண்டு தடவை துடித்து அடங்கியது. கையுறையைக் கழற்றிப் பார்த்தால் ரூம்மேட்: "மாப்ள, ப்ராடிஜி போயிட்டான்." கூடவே ராப்பர் நாஸ் இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தின் ஸ்கிரீன்ஷாட். லாஸ் வேகஸில், மருத்துவமனையில். வயது 42.

ராத்திரி வீட்டுக்கு வந்தபோது அவன் சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்து ப்ராடிஜியின் மாப் டீப் ராப் குழு போட்ட 'தி இன்ஃபேமஸ்' ஆல்பம் கேட்டுக்கொண்டிருந்தான். அடுப்பில் சோறு இல்லை. "என்னடா, உன் சித்தப்பனா செத்துட்டாரு?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எனக்கும் பசியில்லை.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: மாப் டீப் என்றால் இரண்டே பேர், ஹேவக்கும் ப்ராடிஜியும். மன்ஹாட்டனில் ஓவியமும் வடிவமைப்பும் கற்றுத்தரும் அரசுப் பள்ளியில் பழக்கமானவர்கள். பீட் பெரும்பாலும் ஹேவக் கைவேலை. ப்ராடிஜிக்கு நோட்டும் பேனாவும். நாங்கள் இருக்கும் இந்த நியூயார்க்கின் குயின்ஸ் பக்கத்துக் கதைதான். ஆனால் எனக்கும் ரூம்மேட்டுக்கும் அது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் '8 மைல்' படத்தின் முதல் காட்சி வழியாக வந்தது. கண்ணாடி முன்னால் நின்று எமினெம் தலையாட்டுகிற அந்த பீட் இவர்களுடையது என்று தெரியவே ஒரு வருஷம் ஆனது.

2017 ஜூன் 21, புதன்

எல்லாச் செய்தியிலும் அதே வரி: சிக்கில் செல் நோயால் ஏற்பட்ட சிக்கல்கள். 17ஆம் தேதி ப்ராடிஜி வேகஸில் மேடையேறியிருக்கிறான். பாலைவனத்தில் ஜூன் மாத வெயில். அதன் பிறகு வலி தொடங்கி ஆஸ்பத்திரி.

இந்த நோயை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன். நல்ல சிவப்பணு நடுவில் குழிந்த அப்பளம் மாதிரி இருக்கும். எந்த இடுக்கிலும் வளைந்து போய்விடும். இதுவோ அரிவாள் மாதிரி கூர்ந்து விறைத்து நிற்கும். ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போனதற்கு இத்தனை பாடு. மெல்லிய ரத்தக்குழாயில் ஒன்றோடொன்று சிக்கி அடைத்துக்கொள்ளும், அடைத்த இடத்துக்குப் பிராணவாயு போகாது, எலும்புக்குள் வலிக்கும். 120 நாள் வாழவேண்டிய அணு பத்திருபது நாளில் உடைந்துவிடும். தண்ணீர் குறைந்தாலும் வலி வரும், குளிர் பட்டாலும் வரும், உடம்பு அசந்தாலும் வரும்.

குழந்தையிலிருந்தே இது அவன் கூட இருந்தது. எனக்கு இது தெரியாததா? 2000இல் வந்த அவன் தனி ஆல்பத்தில் ஒரு பாட்டு முழுக்க இதைத்தான் சொல்கிறான், என் வலி உங்களுக்குப் புரியவே புரியாது என்று. நூறு தடவை கேட்டிருப்பேன். லேபில் பார்க்கிறதையும் ஹெட்ஃபோனில் கேட்கிறதையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

2017 ஜூன் 24, சனி

முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கடைக்காரர் குயின்ஸ்பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர், ஐம்பது தாண்டியவர். கடையில் இன்று பேச்சே வேறு இல்லை. ரூம்மேட்டும் வந்திருந்தான், வெட்டிக்கொள்ள முடியே இல்லாதவன்.

பெரியவர் கட்சி 'தி இன்ஃபேமஸ்', 1995. விவாதத்துக்கே இடமில்லை என்கிறார். 1993இல் முதல் ஆல்பம் 'ஜுவனைல் ஹெல்' போட்டுப் படுத்துவிட்டது, கம்பெனி கழற்றி விட்டது. மறு வருஷம் அதே குடியிருப்பிலிருந்து நாஸ் 'இல்மேட்டிக்' கொண்டுவந்து ஊரையே வாயைப் பிளக்க வைத்தான். அந்த அவமானத்தில் உட்கார்ந்து, இருபது வயதில் இரண்டு பேர் செய்தது இது. ஏ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்டின் கியூ-டிப் கூட இருந்து மிக்ஸிங்கைச் செதுக்கிக் கொடுத்தான். 'ஷுக் ஒன்ஸ்' இரண்டாம் பாகத்தில் ஹேவக் எந்த இசைத்தட்டை வெட்டி ஒட்டினான் என்று பதினாறு வருஷம் யாராலும் பிடிக்க முடியவில்லை; 2011இல்தான் அது ஹெர்பி ஹேன்காக்கின் 'ஜெசிகா' என்று வெளியே வந்தது. மெதுவான ஜாஸ் பியானோ. அதைப் பிடித்து முறுக்கி இந்தப் பயத்தை எடுத்திருக்கிறான். பெரியவர் இதைச் சொல்லும்போது கத்தரிக்கோலை என் காதுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நிறுத்திவிட்டார். நான் மூச்சு விடவில்லை.

ரூம்மேட் 'மர்டா மியூசிக்' ஆள். 1999. "மூணாவது இடம் வரைக்கும் ஏறுச்சு, பிளாட்டினம் வாங்குச்சு" என்று பில்போர்டு கணக்கை எடுத்து வைத்தான். ரிலீஸுக்கு முன்பே திருட்டு காசெட்டில் தெருத்தெருவாகப் போன ஆல்பம் என்பதும் அவனுக்குப் பெருமை. பெரியவர் மறுக்கவில்லை; அந்தத் திருட்டு காசெட்டை அவரே வாங்கியதாக ஒப்புக்கொண்டார். ஆனால் அதில் பாதிப் பாட்டு பார்ட்டிக்கு, பாதிதான் படிக்கட்டுக்கு என்றார். படிக்கட்டு என்றால் அந்தக் கட்டடங்களின் உள்மாடிப்படி. ராப் அங்கேதான் பிறந்தது என்பது அவர் கட்சி.

நான் 'ஹெல் ஆன் எர்த்', 1996. முந்தைய ஆல்பத்தில் கொஞ்சம் ஜன்னல் திறந்திருக்கும். இதில் அதுவும் கிடையாது. டிரம்ஸ் தூரத்திலிருந்து வருகிறது, பியானோ சொட்டு மாதிரி விழுகிறது, அதன் மேல் ப்ராடிஜி கிட்டத்தட்டப் பேசுகிறான். யாரையும் மிரட்டக் குரலை உயர்த்துவதே இல்லை. "அவன் சொல்றதைக் கேக்க நாமதான் குனியணும்" என்றேன்.

பெரியவர் சிரித்தார். ப்ராடிஜி குயின்ஸ்பிரிட்ஜ்காரனே இல்லை, அது தெரியுமா என்று கேட்டார். தெரியும். பிறந்தது லாங் ஐலண்டின் ஹெம்ப்ஸ்டெட். தாத்தா பட் ஜான்சன் பெயர்பெற்ற சாக்ஸஃபோன்காரர், பாட்டி டான்ஸ் ஸ்கூல் நடத்தியவர். குயின்ஸ்பிரிட்ஜின் 41ஆம் தெருப் பக்கம் ஹேவக்குடையது. "ஆனாலும் எங்க இடத்தை எங்களைவிட நல்லாப் பாத்தவன் அவன்தான்," என்றார். வந்தவனுக்குத்தான் இடம் கண்ணில் படும் போல. எனக்கு இந்த ஊர் பட்டது போல.

பணம் வாங்க மறுத்தார். மேஜையில் வைத்துவிட்டு வந்தோம்.

2017 ஜூன் 26, திங்கள்

2001இல் சம்மர் ஜாம் கச்சேரி மேடையில் ராப்பர் ஜே-ஸி பெரிய திரையில் ஒரு படம் போட்டுக் காட்டியது நினைவுக்கு வந்தது. பாட்டியின் டான்ஸ் ஸ்கூல் உடையில் சின்னப் பையன் ப்ராடிஜி. மொத்தக் கூட்டமும் சிரித்தது. டான்ஸ் ஆடிய பையன் ரவுடிப் பாட்டு எழுதக் கூடாதா? ஆனால் ராப் உலகத்தில் அது பெரிய அடி. அதற்குப் பிறகு வந்த மாப் டீப்பின் 'இன்ஃபமி' ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பும் சேர்ந்து கேட்கிறது எனக்கு. 2006இல் ஃபிஃப்டி சென்ட் கம்பெனிக்காகப் போட்ட 'ப்ளட் மணி' பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை.

இன்னொன்று அதைவிட மோசம். 1996இல் ராப்பர் டூபாக் அந்தப் புகழ்பெற்ற வசைப்பாட்டின் கடைசியில் மாப் டீப்பை இழுத்து, உங்களில் ஒருத்தனுக்கு சிக்கில் செல் தானே என்று நோயை வைத்தே கேலி செய்தான். ஹாஸ்டலில் அந்த இடம் வரும்போது நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். நானும்தான்.

2017 ஜூன் 29, வியாழன்

மாடிசன் அவென்யூவில் இறுதிச்சடங்கு இல்லம். வேலைக்குப் போகும் முன் எதிர்ச்சாரியில் கொஞ்ச நேரம் நின்றேன். ஊரில் ஒரு சாவு என்றால் பறைச்சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். இங்கே அத்தனை பேர் நின்றும் அமைதி. ஒரு கார் மட்டும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, மாப் டீப்பின் 'குவைட் ஸ்டார்ம்' பாட்டின் பேஸ் அதிர மெதுவாகப் போனது. திரும்பவும் சுற்றிக்கொண்டு வந்தது.

2017 ஜூலை 8, சனி

நேற்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சிக்கில் செல்லுக்கு எல்-குளூட்டமைன் தூளை அனுமதித்தது. 1998இல் ஹைட்ராக்ஸியூரியா வந்ததற்குப் பிறகு, கிட்டத்தட்ட இருபது வருஷத்தில் வரும் முதல் புது மருந்து. ப்ராடிஜி போய்ப் பதினேழு நாள். அது வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றெல்லாம் இல்லை. வலி வரும் தடவைகளைக் குறைக்கும், அவ்வளவுதான். லேபில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

1910இல் சிகாகோவில் ஹெரிக் என்ற டாக்டர் இதை முதலில் எழுதிவைத்தார். நோயாளி கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த மாணவன். இந்தியாவில் முதலில் கண்டறிந்தது 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம். காலேஜில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது, அட, நம்ம ஊரு என்று பெருமையாக அடிக்கோடு போட்டேன். நான் கூடலூர்.

ஏழாம் வகுப்பில் என் பெஞ்சில் ஒரு முள்ளுக்குறும்பர் பையன். டிசம்பர் மாதம் காலை அசெம்பிளியில் நிற்க மாட்டான். கால் கடுக்குது சார் என்பான். சாக்கு சொல்கிறான் என்று பிரம்படி விழும். அடி வாங்கும்போது சத்தமே போடமாட்டான். அதனால் திமிர் என்று இன்னும் இரண்டு. கண் எப்போதும் லேசாக மஞ்சளாக இருக்கும், நாங்கள் வைத்த பெயர் மஞ்சக்கண்ணன். ஒன்பதாவதுக்கு அவன் வரவில்லை. அணு உடைந்து உடைந்து பித்தம் சேர்ந்தால் கண் அப்படித்தான் மஞ்சளாகும். இதை நானே எத்தனையோ ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன்.

'ஹெல் ஆன் எர்த்' போட்டேன். ப்ராடிஜி குரலை உயர்த்தாமல் பேசுவதைக் கெத்து என்று இருபது வருஷமாக எல்லோரும் சொல்கிறோம். இருக்கலாம். வலியில் இருப்பவன் சத்தம் போட்டால் வலி கூடும் என்பதும் இருக்கலாம்.

2017 ஆகஸ்ட் 13, ஞாயிறு

ப்ராடிஜி பற்றி வேகஸ் மரண விசாரணை அதிகாரியின் முடிவு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முட்டை சாப்பிடும்போது தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறியது, விபத்து. இத்தனை வருஷம் அத்தனை வலியைத் தாண்டி வந்தவன். ரூம்மேட் செய்தியைப் படித்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், யாரை என்று அவனுக்கே தெரியாது. குயின்ஸ்பிரிட்ஜ் சுவரில் வரைந்த ப்ராடிஜி முகத்தையும் யாரோ பெயின்ட் ஊற்றி நாசமாக்கிவிட்டார்கள்.

2025 அக்டோபர் 12, ஞாயிறு

எட்டு வருஷம் கழித்து இந்த நோட்டு. வெள்ளிக்கிழமை 'இன்ஃபினிட்' வந்தது. ப்ராடிஜி விட்டுப்போன குரல் பதிவுகளை வைத்து ஹேவக்கும் பீட் செய்கிற ஆல்கெமிஸ்ட்டும் முடித்த மாப் டீப் ஆல்பம். எஃப் ரயிலில் கேட்டுக்கொண்டே போய் 21ஆம் தெரு குயின்ஸ்பிரிட்ஜில் இறங்கினேன். தொண்ணூற்றாறு செங்கல் கட்டடம், அப்படியே. முடிவெட்டும் கடை இல்லை, அந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை.

செத்தவர் குரலை எடுத்துச் செய்யும் ஆல்பங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பெரும்பாலும் ஃபிரிட்ஜில் மிஞ்சியதைச் சூடு பண்ணி வைப்பதுதான். இது அப்படி இல்லை. ஹேவக் ஆடம்பரம் பண்ணவில்லை. பழைய குளிரை அளவோடு வைத்திருக்கிறான், கூட்டாளி பேசுவதற்கு இடம் விட்டு.

ரூம்மேட்டுக்குப் போன் போட்டேன். இப்போது டாலஸில் இருக்கிறான், கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை.

"எத்தனையாவது இடம் கொடுக்கிற?" என்றான், ஹலோ கூடச் சொல்லாமல்.

"நாலு. முதல் மூணுல கை வைக்க முடியாது."

"இப்பவாச்சும் மர்டா மியூசிக்னு ஒத்துக்கோ."

"மாட்டேன். ஆனா திரும்பி வர்றப்ப ஜுவனைல் ஹெல் கேட்டேன். முழுசா."

"எதுக்குடா? அதை யாரு கேப்பா?"

"அதுல மட்டும்தான்டா அவன் கத்துறான். பதினெட்டு வயசுல. தொண்டை கிழியக் கத்துறான்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, பாப்பா எந்திரிச்சுட்டா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டான்.